மேக்ரோ போட்ட ஷீட்டில் நிறம் மாறித் தெரிகிறதா? காரணத்தைத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி அலுவலகம் எதற்குள் போனாலும் கம்ப்யூட்டரில் நிறம் நிறமாக ஓர் எக்ஸெல் ஷீட் திறந்திருக்கும். ஆர்டர் எண், பார்ட்டி, சாயப்பட்டறை, லாட் எண், டெலிவரி தேதி, நிலை என்று காலங்கள் (மேலிருந்து கீழாகப் போகும் பத்திகள்). முடிந்த லாட் பச்சை, ஓடிக்கொண்டிருப்பது மஞ்சள், தேதி தாண்டியது சிவப்பு. இந்த நிறத்தைப் பார்த்துத்தான் சாயப்பட்டறைக்குப் போன் போகிறது, லாரி பிடிக்கிறார்கள், பவர் டேபிள் (தையல்) யூனிட்டுக்கு எந்த பீஸை முதலில் அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் மேனேஜர் வந்து, "ஏனுங்க, நேத்து பச்சையா இருந்த லாட் இன்னைக்கு எப்படிங்க செவப்பாச்சு?" என்று கேட்பார். உட்கார்ந்திருப்பவர் உடனே மேக்ரோவை (எக்ஸெலில் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) திறந்து நிற எண்ணை மாற்ற ஆரம்பிப்பார். அங்கேதான் வேலை இழுத்துக்கொண்டு போகும்.

திரையில் நாம் பார்க்கும் நிறம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செல்லுக்கு என்று சொந்தமாக ஒரு நிறம் உண்டு. செல்லுக்குச் சொந்த நிறம் இல்லாத இடத்தில் டேபிள் ஸ்டைல் ஒரு நிறம் காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (செல்லின் மதிப்பைப் பார்த்து நிறம் காட்டும் விதிகள்) வேறொன்றைக் காட்டலாம். ஆகவே நிறத்தை மாற்றுவதற்கு முன்னால், அந்த நிறத்தைப் பூசியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் துரத்துகிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: ஒரு காப்பி

மேக்ரோ ஓடி ஷீட்டை மாற்றிவிட்டால், அதற்கு முன் செய்த வேலைகளின் அன்டூ பட்டியல் அழிந்துபோகும். கன்ட்ரோல்-இசட் அடித்துத் திரும்பி வர முடியாது. எனவே ஃபைலை வேறு பெயரில் சேமித்து, சோதனை எல்லாவற்றையும் அந்தக் காப்பியில் செய்யுங்கள். சீசன் நேரத்தில், ஷிப்மென்ட் நெருக்கத்தில் இருக்கும்போது அசல் ஃபைலில் கை வைக்கவே கூடாது.

முதல் படி: செல்லிடம் இரண்டு முறை கேளுங்கள்

நிறம் தப்பாகத் தெரியும் செல் மேல் கர்சரை வையுங்கள். ஆல்ட்-எஃப்11 அடித்து எடிட்டரைத் திறந்து, கன்ட்ரோல்-ஜி அடித்தால் இமீடியட் விண்டோ வரும். அதில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆக்டிவ்செல்.இன்டீரியர்.கலர் என்று தட்டி என்டர் அடியுங்கள். இது செல்லின் சொந்த நிறம். அடுத்த வரியில் கேள்விக்குறியோடு ஆக்டிவ்செல்.டிஸ்ப்ளேஃபார்மேட்.இன்டீரியர்.கலர் என்று கேளுங்கள். இது திரையில் தெரியும் நிறம். இந்த இரண்டாவது வசதி எக்ஸெல் 2010-லிருந்துதான் உண்டு.

இரண்டு எண்ணும் வேறுவேறாக வந்தால், திரையில் தெரிவது செல்லின் சொந்த நிறம் இல்லை, வேறு ஏதோ காட்டும் நிறம் என்று அர்த்தம். மேக்ரோவின் நிற வரியை மாற்றும் முன் அது எது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் படிக்குப் போங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த நிறம் செல்லிலேயே பூசப்பட்டிருக்கிறது. மேக்ரோ பூசியிருக்கலாம், யாராவது கையால் பூசியிருக்கலாம். அப்போது மூன்றாம் படிக்குப் போகலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். விடை 16777215 என்று வந்தால் அது வெள்ளை. ஆனால் வெள்ளை பூசிய செல்லும் எதுவுமே பூசாத செல்லும் இதே எண்ணைத்தான் சொல்லும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இன்டீரியர்.கலர்இன்டெக்ஸ் என்ன என்று கேளுங்கள். மைனஸ் 4142 வந்தால் பூச்சே இல்லை. கட்டக்கோடுகள் சில இடத்தில் மட்டும் காணாமல் போகிறது என்று புலம்புகிறவர்களின் ஷீட்டில் பெரும்பாலும் மேக்ரோ "நிறத்தை எடு" என்பதற்குப் பதில் "வெள்ளை பூசு" என்று செய்துகொண்டிருக்கும்.

இரண்டாம் படி: மேலே உட்கார்ந்திருப்பது எது?

ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் மேனேஜ் ரூல்ஸ். மேலே உள்ள பெட்டியில் "திஸ் ஒர்க்‌ஷீட்" என்று மாற்றினால்தான் ஷீட்டின் எல்லா விதிகளும் தெரியும். அங்கே ஒரே விதி பலமுறை வரிசையாக நின்றால், மேக்ரோ ஓடும் ஒவ்வொரு முறையும் புது விதியைச் சேர்க்கிறது, பழையதை அழிப்பதில்லை என்று அறியலாம். விதி சேர்க்கும் வரிக்கு முன்னால் ஃபார்மேட்கண்டிஷன்ஸ்.டிலீட் என்ற வரி இருக்க வேண்டும். விதிகள் குவிந்தால் ஃபைலும் மந்தமாகிவிடும். வரிசைகளை வெட்டி ஒட்டுவதாலும் விதிகள் துண்டு துண்டாக உடையும். அதைச் செய்யாத ஆளே இல்லை, அதனால் மாதம் ஒரு முறையாவது இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு விதிகள் ஒரே செல்லுக்கு வேறுவேறு நிறம் சொன்னால் பட்டியலில் மேலே இருப்பது ஜெயிக்கும். மேக்ரோ மூலம் சேர்க்கும் விதி பட்டியலின் அடியில் போய் உட்காரும். அதை மேலே கொண்டுவர செட்ஃபர்ஸ்ட்பிரையாரிட்டி என்ற கட்டளை உண்டு.

அடுத்தது நிறையப் பேரைச் சுற்றலில் விடுவது. நிறங்கள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் சில வரிசைகள் தள்ளி விழுகின்றன. மேக்ரோவில் ஃபார்முலா வைத்து விதி சேர்க்கும்போது, அந்த ஃபார்முலாவில் டாலர் குறி இல்லாத வரிசை எண்ணை எக்ஸெல் அப்போது கர்சர் எங்கே நிற்கிறதோ அதைக் கொண்டு கணக்கிடுகிறது. உங்கள் ரேஞ்ச் (விதி பொருந்தும் செல்களின் தொகுதி) 2-ஆம் வரிசையில் தொடங்குகிறது, ஃபார்முலாவும் 2-ஆம் வரிசையைத்தான் சொல்கிறது, ஆனால் கர்சர் 10-ஆம் வரிசையில் நிற்கிறது என்று வையுங்கள். இப்போது 2-ஆம் வரிசைக்கு உரிய நிறம் 10-ஆம் வரிசையில் தெரியும். எல்லாமே எட்டு வரிசை கீழே இறங்கிவிடும். காலையில் சரியாக ஓடிய மேக்ரோ மதியம் தப்பாக ஓடுவதற்கு இதுதான் காரணம்: கர்சர் இடம் மாறியிருக்கிறது. விதி சேர்க்கும் முன் ரேஞ்சின் முதல் செல்லை செலக்ட் செய்யும் ஒரு வரி போதும்.

மேனேஜ் ரூல்ஸ் காலியாக இருந்தும் இரண்டு எண்ணும் வேறுபட்டால், அந்தப் பகுதி டேபிளாக மாற்றப்பட்டிருக்கிறதா பாருங்கள். உள்ளே கிளிக் செய்ததும் மேலே டேபிள் டிசைன் என்ற டேப் வந்தால் அது டேபிள்தான். ஒன்றுவிட்டு ஒன்று வரும் வெளிர் நீலப் பட்டைகள் அதன் வேலை. ஸ்டைலை நன் (எதுவும் இல்லை) என்று வைத்தால் போய்விடும்.

மூன்றாம் படி: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

நிறம் செல்லிலேயே இருக்கிறது என்று தெரிந்தால், அது எப்படி இந்த நிறமானது என்று பார்க்க வேண்டும். எக்ஸெல் மேக்ரோவில் நிறம் என்பது ஒரே ஒரு எண். சிவப்பின் அளவு, அதோடு பச்சையின் அளவை 256-ஆல் பெருக்கியது, அதோடு நீலத்தின் அளவை 65536-ஆல் பெருக்கியது. எனவே சுத்தச் சிவப்பு 255, மஞ்சள் 65535, நீலம் 16711680. கையில் இருக்கும் எண்ணை 256-ஆல் வகுத்தால் மீதி சிவப்பு. ஈவை மறுபடி 256-ஆல் வகுத்தால் மீதி பச்சை. கடைசியில் நிற்கும் ஈவு நீலம். 42495 என்று வந்தால் மீதி 255, அடுத்து 165, நீலம் 0. அதாவது ஆரஞ்சு.

இணையத்தில் நிறக் குறியீடு எழுதும் முறை இதற்கு நேர் தலைகீழ். அங்கே சிவப்பு முன்னால், நீலம் கடைசியில். பையர் அனுப்பும் ஃபைலிலோ வெப்சைட்டிலோ உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டை அப்படியே மேக்ரோவில் ஒட்டினால் சிவப்பும் நீலமும் இடம் மாறும். ஆரஞ்சுக்கு எஃப்எஃப்ஏ500 என்று எடுத்து ஒட்டியவருக்கு வான நீலம் வரும். சிவப்பு கேட்டு நீலம் வந்தது, நீலம் கேட்டு சிவப்பு வந்தது, பச்சை மட்டும் சரியாக வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஆர்ஜிபி என்ற ஃபங்ஷனில் மூன்று அளவையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் ஒழியும். நான் எல்லோருக்கும் சொல்வது அதைத்தான்: மேக்ரோவில் வெற்று நிற எண்ணே எழுதாதீர்கள்.

சிவப்பு கேட்டுக் கிட்டத்தட்டக் கறுப்பு வந்தால், கலர் என்ற இடத்தில் 3 என்று போட்டிருப்பார்கள். 3 சிவப்பாவது கலர்இன்டெக்ஸ் என்ற பழைய முறையில்தான். அதில் 56 நிறங்கள். 3 சிவப்பு, 5 நீலம், 6 மஞ்சள். கலர் என்பதற்கு 3 கொடுத்தால் சிவப்பு மூன்றே மூன்று அளவு, மற்றது பூஜ்யம். கறுப்புதான் தெரியும். அந்த 56 நிறப் பட்டியலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி, மாற்றக்கூடியது. பழைய ஃபைலிலிருந்து புது ஃபைலுக்கு மேக்ரோவைக் கொண்டுவந்ததும் நிறம் மங்கினால் அங்கே பாருங்கள். எக்ஸெல் 2007-க்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்தாலும் எல்லா நிறமும் அந்த 56-க்குள் சுருங்கும்.

மேக்ரோ ரெக்கார்டரில் பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். நிறப் பலகையில் மேல் பகுதியிலுள்ள தீம் நிறங்களைத் தேர்ந்தெடுத்தால், ரெக்கார்டர் தீம்கலர் என்றும் டின்ட்அண்ட்ஷேட் என்றும் எழுதிவைக்கும். அதில் நிலையான நிறம் எதுவும் இல்லை. "இந்த ஃபைலின் தீமில் இத்தனையாவது நிறம்" என்ற குறிப்புதான் இருக்கிறது. 2023-இல் ஆஃபீஸின் வழக்கமான தீமே மாறியது. அதற்கு முன் உருவாக்கிய ஷீட்டைப் புது ஃபைலுக்கு நகர்த்தினால் அதே செல் வேறு நிறத்தில் தெரியும். ஹெட் ஆபீஸில் ஒரு நிறம், யூனிட்டில் ஒரு நிறம் என்ற புகார் இப்படித்தான் வருகிறது. இதற்கும் மருந்து ஆர்ஜிபிதான்.

நான்காம் படி: நிறம் சரி, இடம் தப்பு

பெரும்பாலான நேரம் இங்கேதான் கழியும்.

முதலில் ஷீட். சாதாரண மாட்யூலில் (எடிட்டரில் மேக்ரோ எழுதும் பக்கம்) ரேஞ்ச் என்று மட்டும் எழுதினால், அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஷீட்டில் பூசும். ஷீட்டுக்குரிய மாட்யூலில் எழுதினால் அந்த ஷீட்டிலேயே பூசும். மேக்ரோ ஓடும்போது யாராவது வேறு ஷீட்டில் இருந்தால் கட்டிங் ஷீட்டின் நிறம் பேக்கிங் ஷீட்டில் போய் விழும். ஒவ்வொரு ரேஞ்சுக்கும் முன்னால் ஷீட் பெயரை எழுதுங்கள்.

அப்புறம் காலம். ஷீட்டின் நடுவில் யாரோ ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) என்று ஒரு காலம் செருகினால், செல்லில் உள்ள ஃபார்முலாக்கள் தாமாக நகர்ந்துகொள்ளும். மேக்ரோவில் எழுதிய "ஆறாவது காலம்" நகராது. தேதியைப் பார்க்க வேண்டிய மேக்ரோ எடையைப் பார்த்து நிறம் போடும். தலைப்பு வரிசையில் காலத்தின் பெயரைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது ரேஞ்சுக்குப் பெயர் வையுங்கள்.

பழைய நிறம் போகாமல் நிற்பதும் சகஜம். "தேதி தாண்டினால் சிவப்பு பூசு" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். லாட் வந்து சேர்ந்து தேதியைத் திருத்திய பிறகு சிவப்பை எடுக்க யாருமில்லை. லூப் (வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) தொடங்கும் முன் அந்தக் காலத்தின் நிறத்தை முழுக்க எடுத்துவிட்டு, பிறகு பூச வேண்டும்.

காலி செல்லை மேக்ரோ பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். டெலிவரி தேதி போடாத வரிசை எல்லாம் "இன்றைக்கு முந்தையது" என்று கணக்காகிச் சிவப்பாகும். காலியா என்று முதலில் கேட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள். மெர்ஜ் செய்த செல்களில் மதிப்பு மேல்-இடது மூலையில் மட்டும்தான் இருக்கும். மீதி எல்லாம் மேக்ரோவுக்குக் காலியாகத் தெரியும்.

எண்கள் எழுத்தாக உட்கார்ந்திருப்பது மண்டிக் கணக்குகளில் அதிகம். ஈரோட்டு மஞ்சள் விலையை, விரலிக்கு ஒன்று கிழங்குக்கு ஒன்று என்று குவிண்டால் கணக்கில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார்கள். பார்க்க எண், உள்ளே எழுத்து. இன்றைய விலை செல்லையும் நேற்றைய விலை செல்லையும் மேக்ரோ நேராக ஒப்பிடும்போது ஒன்று எழுத்தாகவும் மற்றது எண்ணாகவும் இருந்தால், எழுத்து எப்போதும் பெரியதாகவே கணக்காகும். விலை இறங்கிய நாளிலும் ஏறியதாகப் பச்சை காட்டும். விவசாயி இருப்பை விற்பதா வைப்பதா என்று அந்தப் பச்சையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பதால், இதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. ஈஸ்நம்பர் ஃபார்முலாவைப் பக்கத்துக் காலத்தில் போட்டு இழுத்தால் எழுத்தாக இருப்பவை ஃபால்ஸ் என்று காட்டிக்கொடுக்கும். மேக்ரோவில் சிடபிள் போட்டு எண்ணாக்கி ஒப்பிடுங்கள்.

நிலைக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், மேக்ரோ பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும். மாட்யூலின் மேலே ஆப்ஷன் கம்பேர் டெக்ஸ்ட் என்று எழுதினால் சரியாகும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை டிரிம் எடுத்துவிடும்; வெப் பக்கத்திலிருந்து வந்த 160-ஆம் எண் இடைவெளியை மட்டும் எடுக்காது, அதைத் தனியாக ரீப்ளேஸ் செய்ய வேண்டும்.

தமிழில் நிலை எழுதுபவர்களுக்கு

இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை, ஆனால் நம் ஊர் ஷீட்டுகளில் பாதிக் குழப்பம் இதனால்தான். விபிஏ (எக்ஸெல் மேக்ரோவின் மொழி) எடிட்டர் யூனிகோடு (இன்றைய தமிழ் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) ஏற்காது. "முடிந்தது" என்று மேக்ரோவுக்குள் தட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். செல்லில் உள்ள "முடிந்தது" அந்தக் கேள்விக்குறிகளோடு ஒருநாளும் பொருந்தாது. எந்த வரிசையும் பச்சையாகாது. எளிய வழி, அமைப்பு என்று ஒரு தனி ஷீட் வைத்து, அதில் முடிந்தது, ஓடுகிறது, பாக்கி என்று ஒவ்வொரு செல்லில் எழுதி, மேக்ரோ அந்தச் செல்லின் மதிப்போடு ஒப்பிடட்டும். சொல் மாறினாலும் மேக்ரோவைத் தொட வேண்டியதில்லை.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வரிசைகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடு வரிசைகளோடு அவை சேராது. மாற்றிவிட்டுத்தான் மேக்ரோ ஓட்ட வேண்டும்.

யூனிகோடிலேயும் ஒரு பொறி உண்டு. "ஈரோடு" என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேக்ரோவுக்கு இரண்டும் வேறு சொல். லென் ஃபார்முலா போட்டுப் பாருங்கள்: ஒன்று 5 என்றும் மற்றது 6 என்றும் வரும். கோவை, பொள்ளாச்சி, கோபி என்று ஒகர ஓகாரம் வரும் எல்லா ஊரிலும் இது நடக்கும். கரூரிலும் நாமக்கல்லிலும் நடக்காது. சில ஊர் மட்டும் நிறம் பிடிக்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிஹெச்ஆர்டபிள்யூ ஃபங்ஷனால் 3015, 3006 என்ற ஜோடியை 3019 என்றும், 3014, 3006 ஜோடியை 3018 என்றும் ரீப்ளேஸ் செய்துவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது.

ஐந்தாம் படி: நிறமே மாறவில்லை என்றால்

செல்லில் தட்டியதும் ஓட வேண்டிய மேக்ரோ ஒர்க்‌ஷீட் சேஞ்ச் என்ற நிகழ்வில் இருக்கும். ஃபார்முலா கணக்கிட்டு மதிப்பு மாறினால் அந்த நிகழ்வு எழாது. அதற்கு ஒர்க்‌ஷீட் கால்குலேட் வேண்டும். பல செல்களை ஒரேயடியாக ஒட்டினால் டார்கெட் (மாற்றம் நடந்த இடம்) பல செல்களாக வரும், ஒற்றைச் செல்லாக நினைத்து எழுதிய மேக்ரோ 13-ஆம் எண் பிழையில் நிற்கும். அப்படி நடுவில் நின்றபோது எனேபிள்ஈவென்ட்ஸ் (நிகழ்வு மேக்ரோக்களை ஓடவிடும் சுவிட்ச்) ஃபால்ஸ் நிலையில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு எதற்கும் அசையாது. இமீடியட் விண்டோவில் அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ் = ட்ரூ என்று அடித்தால் உயிர் வரும்.

ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்ற வரி இருந்தால் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். ஷீட் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் நிறம் பூச முடியாது. அந்த வரி இருப்பதால் பிழைச் செய்தியும் வராது. பிறகு எஃப்8 அழுத்தி வரிவரியாக ஓட்டுங்கள். எந்த வரியில் நிறம் மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

சூப்பர்வைசர் போனில் ஷீட்டைத் திறந்து நிலையை மாற்றுகிறாரா என்று விசாரியுங்கள். மொபைல் எக்ஸெலிலும் பிரவுசரில் திறக்கும் எக்ஸெலிலும் விபிஏ மேக்ரோ ஓடாது. அவர் மாற்றியது சேமிக்கப்படும், நிறம் மட்டும் பழையபடி நிற்கும். மெயிலில் வந்த ஃபைலில் 2022-லிருந்து மேக்ரோவை ஆஃபீஸ் தானாகவே தடுக்கிறது. நம்பிக்கையான ஆள் அனுப்பியது என்றால் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் செய்ய வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம், நீங்கள் கிளிக் செய்யும்போதெல்லாம் எல்லா நிறமும் துடைத்துப் போகிறதா? கர்சர் நிற்கும் வரிசையை எடுத்துக்காட்டும் மேக்ரோவை யாரோ இணையத்திலிருந்து சேர்த்திருப்பார்கள். அதில் பெரும்பாலும் முழு ஷீட்டின் நிறத்தையும் எடுக்கும் ஒரு வரி இருக்கும். செலெக்‌ஷன்சேஞ்ச் நிகழ்வில் தேடுங்கள்.

வேறு மென்பொருளுக்குப் போகும்போது

லிப்ரேஆபீஸ் கால்க்கில் நிற எண்ணின் வரிசை இணையக் குறியீட்டைப் போலவே சிவப்பு முன்னால் வரும். எக்ஸெல் எண்ணை அங்கே கொண்டுபோனால் மறுபடி சிவப்பும் நீலமும் புரளும். பூச்சு இல்லை என்பதற்கு அங்கே மைனஸ் 1. கூகுள் ஷீட்ஸில் செட்பேக்கிரவுண்ட் கட்டளைக்கு ஆறு எழுத்துக் குறியீட்டை அப்படியே கொடுக்கலாம், நிறத்தை எடுக்க நல் (எதுவும் இல்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) கொடுக்க வேண்டும்.

நிறத்தை எண்ணிக் கூலி போடுபவர்களுக்கு

சனிக்கிழமை கூலிக்கு, பச்சை செல் எத்தனை என்று எண்ணும் ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கும் யூனிட்டுகள் உண்டு. செல்லின் நிறம் மாறினால் எக்ஸெல் மறுகணக்கு செய்யாது. காலையில் காட்டிய எண்ணையே மாலையிலும் காட்டும். அப்ளிகேஷன்.வாலடைல் சேர்த்தாலும் அடுத்த கணக்கு ஓடும் வரை பழைய எண்தான். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் தந்த பச்சையை அந்த ஃபங்ஷன் பார்க்கவே பார்க்காது. டிஸ்ப்ளேஃபார்மேட் செல்லில் போடும் ஃபங்ஷனுக்குள் வேலை செய்யாமல் வேல்யூ பிழை தரும். தையல்காரரின் கூலி இதில் தொங்குகிறது. நிலை என்று ஒரு காலம் வைத்து, அதில் எழுதியிருப்பதை கவுண்ட்இஃப்ஸ் போட்டு எண்ணுங்கள். நிறம் அந்தக் காலத்தைப் பார்த்து கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் வரட்டும். போனில் திறந்தாலும் அது மாறும். மேக்ரோவுக்கு ரிப்போர்ட் எடுப்பது, பழைய லாட்டை வேறு ஷீட்டுக்கு நகர்த்துவது போன்ற வேலைகளைக் கொடுங்கள்.